கடைசி பொசஷனைக் காப்பது எப்படி? கல்லூரிக் கூடைப்பந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கோர் நெருக்கமாக இருக்கிறது, கடிகாரத்தில் சில நொடிகள்தான் மிச்சம், பந்து எதிரணி கையில். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பார்ப்பவர்கள் இந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. சொல்லியிருக்கும் விதிகள் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) ஆண்கள் ஆட்டத்துக்கானவை. பெண்கள் ஆட்டத்தில் எது மாறுகிறது என்பதற்குத் தனிக் கேள்வி உண்டு.

கடைசி பொசஷன் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பந்து ஒரு அணியின் கையில் இருக்கும் நேரம்தான் பொசஷன். அதற்குள் ஷாட் எடுத்தாக வேண்டிய கெடு, அதாவது ஷாட் கிளாக், இப்போது 30 நொடி. 2015-16 சீசனுக்கு முன்பு 35 ஆக இருந்தது. ஆட்ட நேரம் 30 நொடிக்குக் கீழே வந்தபிறகு பந்து கைமாறினால் ஷாட் கிளாக்கை அணைத்துவிடுவார்கள். அதன்பிறகு எதிரணி மணி அடிக்கும்வரை பந்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஷாட் எடுக்கலாம். உண்மையான கடைசி பொசஷன் அதுதான்.

36 நொடி இருக்கும்போது பந்து அவர்களிடம் போனால் கதை வேறு. 6 நொடி மிச்சமிருக்கும்போதே அவர்கள் எறிந்தாக வேண்டும். தடுத்துவிட்டால் உங்களுக்கும் ஒரு ஓட்டத்துக்கு நேரம் இருக்கும். இன்னொன்று, ஆட்டத்தின் கடைசி 59.9 நொடியில் பந்து கூடைக்குள் விழுந்தாலே கடிகாரம் நின்றுவிடும். அதனால் அவர்கள் ஸ்கோர் செய்தாலும் மிச்ச நேரம் தானாகக் கரைந்துபோகாது.

எத்தனை புள்ளி முன்னிலை என்பதைப் பொறுத்து டிஃபென்ஸ் மாறுமா?

கட்டாயம் மாறும். சமநிலையில் இருந்தால் ஷாட் தவறினாலே உங்களுக்கு ஓவர்டைம் கிடைத்துவிடும், அதனால் ஃபவுல் செய்வதுதான் பெரிய குற்றம். ஒரு புள்ளி முன்னிலையில் எந்தக் கூடை விழுந்தாலும் தோல்வி. ரிங்குக்குக் கீழே சுலபமாகக் கிடைப்பதை முதலில் மூடுங்கள், தூரத்துக் கடின ஷாட்டை அடுத்துப் பார்க்கலாம். இரண்டு புள்ளி முன்னிலையில் இரண்டு விழுந்தால் ஆட்டம் தொடரும், மூன்று விழுந்தால் முடிந்தது. ஆகவே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களை ஒட்டியே நில்லுங்கள். மூன்று புள்ளி முன்னிலையில் மூன்று நொடிதான் மிச்சம் என்றால் லேஅப்புக்கு (கூடையருகே ஓடிப்போய்ப் போடும் இரண்டு புள்ளி ஷாட்) போகிறவரை வழிவிட்டு அனுப்பிவிடலாம். ஆனால் அந்த நேரத்தில் பழக்கதோஷத்தில் குறுக்கே போய் இடித்து, கூடையோடு ஒரு ஃப்ரீ த்ரோவையும் (யாரும் தடுக்காமல் எறியும் ஒரு புள்ளி ஷாட்) சேர்த்துக் கொடுக்கும் வீரர்கள் எல்லா அணியிலும் இருக்கிறார்கள்.

டிஃபென்ஸ் பக்கம் இருக்கும் நாம் டைம்-அவுட் கேட்கலாமா?

ஆள் மாற்ற வேண்டும், இல்லை யார் யாரைக் காப்பது என்பதில் குழப்பம் இருக்கிறது என்றால் கேட்கலாம். மற்றபடி வேண்டாம். உங்களுக்குக் கிடைக்கும் அதே நேரத்தில் எதிரணிப் பயிற்சியாளர் பலகையில் ஒரு நல்ல பிளே வரைந்துவிடுவார்.

தாக்கும் அணியே டைம்-அவுட் கேட்காமல் ஓடிவந்தால் டிஃபென்ஸுக்கு அடுக்கிக்கொள்ளவே நேரம் இருக்காது. 2023 ஏப்ரல் 1, ஹூஸ்டனில் நடந்த இறுதி நால்வர் ஆட்டம் நினைவிருக்கலாம். ஃப்ளோரிடா அட்லான்டிக் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. அவர்கள் ஷாட் தவறியது, சான் டியேகோ ஸ்டேட் ரீபவுண்ட் (தவறித் திரும்பிய பந்து) எடுத்தது, பயிற்சியாளர் பிரையன் டட்சர் டைம்-அவுட் கேட்கவில்லை. லமாண்ட் பட்லர் பந்தைக் கொண்டுபோய் மணியோடு எறிந்தார். 72-71.

பந்தை உள்ளே எறிபவருக்கு முன்னால் ஆள் நிறுத்த வேண்டுமா?

இந்த விஷயத்தில் அதிகம் சண்டை நடக்கும் கேள்வி இதுதான். காரணம் ஒரே ஒரு ஆட்டம்.

1992 மார்ச் 28, ஃபிலடெல்ஃபியா. டியூக்கும் கென்டக்கியும், ஓவர்டைம். கென்டக்கி 103-102 முன்னிலை, 2.1 நொடி மிச்சம், டியூக் தன் பக்கத்து அடிக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிய வேண்டும். கென்டக்கிப் பயிற்சியாளர் ரிக் பிட்டினோ எறிபவருக்கு முன்னால் யாரையும் நிறுத்தவில்லை. கிராண்ட் ஹில் நிதானமாகப் பார்த்து, மைதானத்தின் மறுமுனைக்கு நீளமாக எறிந்தார். ஃப்ரீ த்ரோ கோட்டருகில் கிறிஸ்டியன் லேட்னர் இரண்டு பேருக்கு நடுவே அதைப் பிடித்து, ஒருமுறை டிரிபிள் செய்து, திரும்பி எறிந்தார். 104-103. அந்த ஆட்டத்தில் லேட்னர் எடுத்த ஷாட் பத்தும் விழுந்தன, ஃப்ரீ த்ரோ பத்தும் விழுந்தன.

பிட்டினோ முட்டாள்தனம் செய்யவில்லை. எறிபவரை விட்டுவிட்டால் உள்ளே நான்கு பேருக்கு எதிராக உங்களிடம் ஐந்து பேர். லேட்னரைப் போன்றவருக்கு இருவரைப் போடலாம். கணக்கு சரிதான். ஆனால் அந்த ஐந்தாவது ஆள் எதற்குப் பயன்பட்டார் என்று பாருங்கள். லேட்னரைச் சுற்றி நின்ற இருவரும் ஃபவுல் பயத்தில் கையை ஒதுக்கிக்கொண்டு நின்றார்கள். இன்னொரு பக்கம், எறிபவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அவ்வளவு தூரம் குறிபார்த்து எறிவது கடினம். முன்னால் ஒரு நெட்டை ஆள் கையை வீசிக்கொண்டு குதித்தால் இன்னும் கடினம்.

அதற்காக ஆள் நிறுத்தினால் தப்பித்துவிடலாம் என்றும் சொல்ல முடியாது. 1998 மார்ச் 13, ஓக்லஹோமா சிட்டியில் வால்பரைசோவுக்கு எதிராக மிசிசிப்பி 69-67 முன்னிலை, மிச்சம் 2.5 நொடி. எறிபவருக்கு முன்னால் ஆள் இருந்தார். வால்பரைசோவின் ஜேமி சைக்ஸ் எறிவதுபோல் ஏமாற்றினார், முன்னால் நின்றவர் குதித்தார், அவர் கீழே வருவதற்குள் பந்து போய்விட்டது. நடுவில் பில் ஜென்கின்ஸ் வாங்கி ஓரத்தில் ஓடிவந்த பிரைஸ் டுருவுக்குத் தள்ளினார், மூன்று புள்ளி, 70-69.

என் கட்சி இது. முழு மைதானத்தையும் கடக்க வேண்டிய பந்து என்றால் எறிபவருக்கு முன்னால் ஆளை நிறுத்துங்கள், ஆனால் குதிக்க வேண்டாம், கையை மட்டும் உயர்த்தட்டும். பந்து உங்கள் கூடைக்குப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறது என்றால் அந்த ஆளை ரிங்குக்கு முன்னால் இழுத்துக்கொள்ளலாம்.

பந்தை எறிந்தபிறகு அந்த ஆளை யார் பார்ப்பது?

எறிபவருக்கு முன்னால் நின்றவரேதான். கடைசி நொடித் தோல்விகள் பலவற்றைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அணியைக் கவிழ்த்தவர் பெரும்பாலும் எல்லோர் கண்ணும் பட்டுக்கொண்டிருந்த நட்சத்திரம் இல்லை, இனி இவரால் ஆபத்தில்லை என்று எல்லோரும் விட்டுவிட்ட ஒருவர். எறிந்து முடித்தவர் அந்த வகையில் முதல் ஆள்.

2016 ஏப்ரல் 4, ஹூஸ்டன், சாம்பியன்ஷிப் இறுதி. வடக்கு கரோலினாவின் மார்கஸ் பெய்ஜ் காற்றிலேயே உடலை முறுக்கி ஒரு மூன்று புள்ளி போட்டு 74-74 ஆக்கினார். 4.7 நொடி. வில்லனோவாவுக்காகப் பந்தை உள்ளே எறிந்தவர் கிரிஸ் ஜென்கின்ஸ். வாங்கிய ரயன் ஆர்சிடியாக்கனோ பக்கம் பெரும் பரபரப்பு, அவர் நடுக்கோடு தாண்டி ஓடும்போது பார்வை முழுக்க அவர்மேல். எறிந்துவிட்டு உள்ளே வந்த ஜென்கின்ஸ் பின்னாலேயே ஓடிவந்தார், கூடவே யாரும் வரவில்லை. ஆர்சிடியாக்கனோ பந்தைப் பின்னால் தள்ளினார். ஐசையா ஹிக்ஸ் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தார், ஆனால் தாமதம். 77-74.

பந்தோடு முழு மைதானம் ஓடி வருபவரை எப்படி நிறுத்துவது?

நிறுத்த வேண்டாம், திருப்பினால் போதும். நேர்க்கோட்டில் ஓடினால் ஐந்து நொடியில் கூடைவரை போய்விடலாம். இரண்டு முறை திசை மாற வைத்தால் அவர் நடுக்கோட்டைத் தாண்டும்போதே நேரம் கரைந்திருக்கும்.

1995 மார்ச்சில் போய்ஸி நகரில் மிசௌரி 74-73 முன்னிலையில் இருந்தபோது யூசிஎல்ஏவின் டைஸ் எட்னி 4.8 நொடியில் செய்தது இதற்குப் பாடம். நடுக்கோட்டருகே முதுகுக்குப் பின்னால் ஒரு டிரிபிள் போட்டார், அதிலும் வேகம் குறையவில்லை. கூடைக்கு அருகே வந்ததும் தன்னைவிட மிக உயரமானவர் தலைக்குமேல் பந்தைப் போட்டார். 75-74. யூசிஎல்ஏ அந்த ஆண்டு சாம்பியன். மிசௌரி வீரர்கள் பின்வாங்கிக்கொண்டே போனார்கள், யாரும் நெஞ்சை அவர் வழியில் வைக்கவில்லை. ஃபவுல் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பயத்தை நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் காட்டக் கூடாது, கூடைக்கு அருகில் காட்டுங்கள். அங்கேதான் விசில் வந்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ.

ஸ்கிரீன் வந்தால் ஆள் மாற்றிக்கொள்ளலாமா?

ஸ்கிரீன் என்றால் எதிரணி வீரர் ஒருவர் உங்கள் வழியில் நின்று மறிப்பது. கடைசிப் பத்து நொடியில் பெரும்பாலான அணிகள் எல்லா ஸ்கிரீனையும் ஸ்விட்ச் செய்துவிடும், அதாவது காக்கும் ஆளை மாற்றிக்கொள்ளும். உயரப் பொருத்தம் போய்விடும்தான். ஆனால் அதைப் பயன்படுத்திக்கொள்ள எதிரணிக்கு நேரம் இருக்காது. ஸ்கிரீனைச் சுற்றி ஓடிவரும்போது விழும் அந்த ஓர் அடி இடைவெளிதான் திறந்த ஷாட்டாக மாறுகிறது. ஸ்விட்ச் செய்யும்போது வாய் திறந்து கத்த வேண்டும். இருவரும் ஒரே ஆளோடு போய், ஸ்கிரீன் வைத்தவர் கூடைக்கு உருண்டுபோவது ஒவ்வொரு சீசனும் நடக்கிறது.

சோனா, மேன்-டு-மேனா?

மேன், அதாவது ஆளுக்கு ஆள் காப்பது. சோன் என்றால் இடத்தைப் பிரித்துக்கொண்டு காப்பது. டைம்-அவுட்டில் எதிரணி மேனுக்கு எதிராகப் பிளே வரைந்திருக்கும் என்று நம்பி திடீரென்று சோன் காட்டி வென்றவர்களும் உண்டு. ஆனால் சோனில் ரீபவுண்டுக்கு யார் யாரை மறிப்பது என்பது தெளிவாக இருக்காது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது கீழே வருகிறது.

மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும்போது வேண்டுமென்றே ஃபவுல் செய்யலாமா?

பயிற்சியாளர்கள் இதில் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் கையில் காட்ட ஒரு ஆட்டம் இருக்கிறது.

செய்ய வேண்டும் என்பவர்கள் 2008 ஏப்ரல் 7-ஐக் காட்டுவார்கள். சான் அன்டோனியோவில் இறுதி ஆட்டம், இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது மெம்பிஸ் ஒன்பது புள்ளி முன்னிலை. ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டுத் தவறவிட்டு அது மூன்றாகச் சுருங்கியது, 63-60. கேன்சஸின் ஷெரான் காலின்ஸ் பந்தோடு ஓடி வந்து தடுமாறியபடியே மாரியோ சால்மர்ஸிடம் கொடுத்தார். 2.1 நொடி இருக்கும்போது மூன்று விழுந்தது. ஓவர்டைமில் கேன்சஸ் 75-68. ஃபவுல் செய்வதுதான் திட்டம் என்று மெம்பிஸ் பயிற்சியாளர் ஜான் கலிபரி பிறகு சொன்னார். ஆனால் விசில் வரவில்லை. நடுவர் ஊதுகிற அளவுக்குத் தெளிவாக ஃபவுல் செய்வதும் ஒரு கலைதான்.

வேண்டாம் என்பவர்களுக்கு 2019 மார்ச் 30. லூயிவில்லில் வர்ஜீனியாவுக்கு எதிராகப் பர்டியூ 70-67. 5.9 நொடி இருக்கும்போது ஃபவுல் செய்து டை ஜெரோமை ஃப்ரீ த்ரோவுக்கு அனுப்பினார்கள். முதலாவது உள்ளே, இரண்டாவது வெளியே. மமாடி டியகிடே ரீபவுண்டைத் தட்டிவிட, பந்து நடுக்கோட்டையும் தாண்டி உருண்டது. கிஹே கிளார்க் துரத்திப் பிடித்து நீளமாக ஒரு பாஸ் கொடுத்தார், டியகிடே மணியோடு போட்டார். 70-70, ஓவர்டைமில் வர்ஜீனியா 80-75, அடுத்த வாரம் சாம்பியன். பர்டியூ ஃபவுல் செய்ததைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது ஃப்ரீ த்ரோவுக்குப்பின் பந்து தரைக்கு வருவதற்குள் அதைக் கைப்பற்ற ஆள் இல்லை, அதுதான் குறை.

செய்வதென்றால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாதியில் உங்கள் அணியின் ஏழாவது டீம் ஃபவுலிலிருந்துதான் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. ஏழு முதல் ஒன்பதுவரை முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது, பத்திலிருந்து இரண்டும் உறுதி. பந்தோடு இருப்பவர் கூடைக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது அல்லது டிரிபிள் செய்யும்போது பிடியுங்கள், எறிய எழும்பிவிட்டால் தொடாதீர்கள். மூன்று புள்ளி ஷாட்டில் ஃபவுல் செய்தால் மூன்று ஃப்ரீ த்ரோ, எந்த ஆபத்துக்குப் பயந்தோமோ அதையே கையில் கொடுத்த கதை. பந்தை நோக்கிக் கையை நீட்டுங்கள். ஜெர்சியைப் பிடித்து இழுத்தால் ஃபிளேக்ரன்ட் 1 என்ற கடுமையான ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோவோடு பந்தும் அவர்களுக்கே போகும். கடிகாரத்தில் ஆறு நொடிக்கு மேல் இருந்தால் நான் ஃபவுல் செய்ய மாட்டேன். ஃப்ரீ த்ரோ போட்டுவிட்டுத் திரும்ப உங்களையே ஃபவுல் செய்து பந்தைப் பிடுங்கிக்கொள்ள அவர்களுக்கு நேரம் இருக்கும்.

'கொடுக்க ஃபவுல் மிச்சம் இருக்கிறது' என்கிறார்களே, அது என்ன?

ஏழாவது ஃபவுலை இன்னும் எட்டவில்லை என்றால், ஒரு ஃபவுல் செய்து எதிரணியின் பிளேயைக் கலைக்கலாம், ஃப்ரீ த்ரோ கிடையாது. பந்து ஓரத்திலிருந்து மறுபடி உள்ளே வரவேண்டும், நேரமும் குறைந்திருக்கும். 2019 ஏப்ரல் 6, மினியாபொலிஸ் அரையிறுதியில் ஆபர்ன் 62-60 முன்னிலையில் இதை ஒழுங்காகச் செய்தது. வர்ஜீனியாவின் கையில் மிஞ்சியது 1.5 நொடி. இதோடு விட்டிருந்தால் போதும். மூலையில் பந்து வாங்கிய கைல் கை எறிய எழும்பும்போது சமீர் டவுட்டி அவர்மேல் மோதினார், 0.6 நொடி இருக்கும்போது விசில். கைல் மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டார், 63-62.

அப்படியென்றால் ஷாட் எறிபவரை எப்படித்தான் நெருங்குவது?

நல்ல உதாரணம் 2025 ஏப்ரல் 7 இறுதி ஆட்டம், சான் அன்டோனியோ. ஃப்ளோரிடா 65-63 முன்னிலை, பந்து ஹூஸ்டனிடம். எமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு எழும்பிவிட்டார். வால்டர் கிளேட்டன் ஜூனியர் ஓடிவந்து கையை உயர்த்திக் குதித்தார். அவர் குதித்த பாதை ஷார்ப்பின் உடலுக்கு நேராக இல்லை, பந்தின் வழியில் இருந்தது. ஷார்ப்புக்கு எறிய இடமில்லை. பந்தோடு தரையிறங்கினால் டிராவல், அதாவது விதிமீறல், பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் காற்றிலேயே பந்தைக் கீழே விட்டுவிட்டார். விட்டபிறகு அவரே முதலில் தொட்டாலும் டிராவல்தான், ஆகவே துள்ளிக்கொண்டிருந்த பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஃப்ளோரிடாவின் அலெக்ஸ் காண்டன் பாய்ந்து விழுந்து எடுத்தார். ஹூஸ்டன் ஷாட் எடுக்காமலேயே ஆட்டம் முடிந்தது.

டவுட்டிக்கும் கிளேட்டனுக்கும் வித்தியாசம் ஓரடிக்குள்தான். எறிபவர் தரையிறங்கும் இடத்தை விட்டுவிட்டு ஒரு தோள் பக்கமாகக் குதிக்க வேண்டும். கூடைக்கு அருகில் என்றால் குதிக்கக்கூட வேண்டாம். அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்த அரையிறுதியில் டியூக்கின் கூப்பர் ஃபிளாக் ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில் திரும்பி எறிந்தபோது, ஹூஸ்டனின் ஜுவான் ராபர்ட்ஸ் கையை நேராக மேலே வைத்து உடம்பை அசைக்காமல் நின்றார். ஷாட் குறைவாகப் போய்த் தவறியது.

ஷாட் தவறிவிட்டது. முடிந்ததா?

இல்லை. 1983 ஏப்ரல் 4, ஆல்பகர்க்கி. ஹூஸ்டனில் அப்போது ஹக்கீம் ஒலாஜுவோன் இருந்தார், எதிரே வட கரோலினா ஸ்டேட். 52-52. அன்று இறுதி ஆட்டத்தில் ஷாட் கிளாக் கிடையாது, ஆகவே ஸ்டேட் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டியது. கடைசியில் ஹூஸ்டன் கைவைத்துப் பாஸைக் கிட்டத்தட்டப் பிடுங்கியே விட்டது. தப்பிய பந்தை டெரெக் விட்டன்பர்க் வெகுதூரத்திலிருந்து வீசினார். ரிங்கைக்கூடத் தொடாமல் குட்டையாக வந்தது. டிஃபென்ஸ் வென்றுவிட்டது என்று சொல்ல வேண்டிய ஷாட் அது. ஆனால் லாரன்ஸோ சார்ல்ஸை யாரும் மறித்து நிற்கவில்லை. காற்றில் பிடித்தார், அப்படியே உள்ளே திணித்தார், 54-52.

ஷாட் கையை விட்டுப் போனதும் பந்தைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. முதலில் உங்கள் ஆளைத் தேடி முதுகால் முட்டுங்கள், பந்தை அப்புறம் பார்க்கலாம். ரீபவுண்ட் கையில் வந்தால் முழங்கையை வீசாமல் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரு அணியிலும் ஒருவர் சேர்ந்து பிடித்தால், அடுத்து பந்து யாருக்கு என்று காட்டும் பொசஷன் அம்பு யார் பக்கமோ அவர்களுக்கே பந்து. அம்பு எந்தப் பக்கம் என்பதைக் கடைசி டைம்-அவுட்டிலேயே பார்த்துச் சொல்லிவிட வேண்டும், பல பெஞ்சுகளில் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெண்கள் ஆட்டத்தில் என்ன வேறுபாடு?

பத்து நிமிடக் கால் பகுதிகள் நான்கு. ஒரு கால் பகுதியில் ஐந்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. முக்கியமானது இன்னொன்று: கடைசி 59.9 நொடியில் டைம்-அவுட் கேட்டால் பந்தைத் தங்கள் தாக்கும் பாதிக்கு நகர்த்திக்கொள்ளலாம். ஆண்கள் ஆட்டத்தில் அப்படி முடியாது. அதனால் முழு மைதானத்தையும் கடக்கவைத்து நேரம் கரைக்கும் வித்தை பெண்கள் ஆட்டத்தில் அவ்வளவாகச் செல்லாது. ஓரக்கோட்டிலிருந்து வரும் பந்தைத் தடுக்கும் பயிற்சிதான் அதிகம் தேவை. 2018 ஏப்ரல் 1, கொலம்பஸில் நோட்ர டாம் அணியின் அரிக்கே ஒகுன்போவாலே பக்கவாட்டிலிருந்து பந்து வாங்கி, மூலையை நோக்கி ஓடியபடியே எறிந்தார். மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக 61-58, மிச்சம் 0.1 நொடி.

0.3 நொடிதான் இருக்கிறது என்றால் யாரைக் காப்பது?

0.3 அல்லது அதற்குக் கீழே என்றால் பந்தைப் பிடித்து எறிய விதி அனுமதிக்காது, தட்டிவிட மட்டுமே முடியும். ஆக, மூன்று புள்ளிக் கோட்டில் நிற்பவர்களைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஒன்றிரண்டு புள்ளி முன்னிலையில் என்றால் அவர்களை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் உள்ளே வாருங்கள். இருப்பதிலேயே உயரமானவர் ரிங்குக்கு நேர் முன்னால். உயரமாக வரும் பந்துக்கு ஓடக்கூடியவரின் முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் நிற்கட்டும். 0.4 என்று பலகை காட்டினால் இதெல்லாம் செல்லாது. பிடித்து எறிய நேரம் இருக்கிறது என்று விதி எடுத்துக்கொள்கிறது, எல்லோரும் தங்கள் ஆளிடம் திரும்பிப் போக வேண்டும்.